மஞ்சள்தான், காமாலை இல்ல

மழைக்காலம் வந்துவிட்டால் சாயப்பட்டறையில் எல்லாருக்கும் ஒரே வேலை, வானத்தை அண்ணாந்து பார்ப்பது. நூலைத் தொட்டியில் முக்கலாம், கொதிக்க வைக்கலாம், அலசலாம், பிழியலாம். அதற்கெல்லாம் முதலாளி உத்தரவு போட்டால் நடக்கும். காயவைப்பதற்கு மட்டும் அவருடைய உத்தரவு செல்லாது. ஈர நூல் கழியில் தொங்கிக்கொண்டு சொட்டுச்சொட்டாக வடியும். காயப்போடும் பெண்கள் கொட்டகைக்கும் முற்றத்துக்குமாக நூலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெயில் எட்டிப் பார்த்தால் வெளியே, தூறல் விழுந்தால் உள்ளே. சாயங்காலம் பார்த்தால் நூல் காய்ந்திருக்காது, ஓடினவர்கள்தான் காய்ந்துபோயிருப்பார்கள்.

அப்படி ஓடுகிறவர்களில் ஒருத்தி கலர் மாஸ்டரின் மனைவி. மாஸ்டர் பெண்டாட்டி என்பதற்காக அவளுக்கு எடை குறைந்த நூல் சிட்டம் எதையும் யாரும் கொடுத்ததில்லை. ஈர நூல் ஆள் பார்த்துக் கனக்காது.

கலர் மாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது, சம்பளம் வாங்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரி நூலை வடக்கு ஜன்னலில் பிடித்து, கண்ணை இடுக்கி, எந்தச் சாயத்தூள் எவ்வளவு என்று சொல்வார். தொட்டியிலிருந்து எடுத்த நூலில் ஒரு இழையைக் கொதிகலன் குழாயில் சுற்றிக் காயவைத்து மாதிரியோடு ஒட்டிப் பார்ப்பார். “ஈர நூல் பொய் சொல்லும். காஞ்ச நூல்கிட்டதான் பேசணும்” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நிறத்தில் தப்பாதவன் வேறு எதிலும் தப்பமாட்டான் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் அவர் ஒருவரே.

சர்க்கரை வியாதி அவருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரையும் அப்போதிருந்தே வீட்டில் இருக்கிறது. வீட்டில் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், உள்ளே போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் “எதுக்கு மாத்திரை?” என்பார். உடம்பு முடியாத நாளில் “இன்னிக்கு மாத்திரை வேற இறங்குமா?” என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் வந்தால் போடுவார். மனைவி தண்ணீரும் மாத்திரையுமாக நின்றால், “வெச்சுட்டுப் போ, நான் என்ன குழந்தையா?” என்பார். மறுநாள் பார்த்தால் மாத்திரை அதே இடத்தில் இருக்கும், தண்ணீர் மட்டும் குறைந்திருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. பெற்றோர் போனபின் அவள் பக்கத்து மனிதர் என்று மிஞ்சியவன் அவன்தான். அவனும் மாஸ்டரும் பேசாமல் பல வருஷம் ஓடிவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மாஸ்டர் தம் கையால் சாயம் போட்ட சிவப்பு நூலில் ஒரு போர்வை நெய்யச்சொல்லி வீட்டில் விரித்திருந்தார். தம்பி வந்தான், உட்கார்ந்தான், தடவிப் பார்த்தான், “நல்லா இருக்கு மாமா. கொஞ்சம் செங்கல் நிறமா அடிக்குது” என்றான். அவ்வளவுதான். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக்கூட முடிக்கவில்லை. அதற்கப்புறம் தம்பியைப் பார்க்கவேண்டும் என்றால் அவள்தான் பஸ் ஏறிப் போகவேண்டும். போய்விட்டு வந்தால் வீட்டில் ரெண்டு நாள் யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்.

அந்தத் தம்பிதான் போன கோடையில் கையில் ஒரு டப்பாவோடு வாசலில் வந்து நின்றான்.

அவன் கைவைக்காத தொழில் கிடையாது. தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றான், முதுகுவலிக்குக் காந்தப் படுக்கை விற்றான், இரண்டையும் விற்க முடியாமல் சொந்த வீட்டில் வைத்துக்கொண்டான். இப்போது அவனுடைய அட்டையில் ‘வாழ்வியல் நல ஆலோசகர்’ என்று அச்சடித்திருந்தது. பேச்சும் மாறியிருந்தது. சாதாரணமாக ‘உடம்பு’ என்று சொல்கிற பையன், ‘உயிரணு’ என்று சொல்லி, நாம் அதை ரசிப்பதற்காகக் கொஞ்சம் இடைவெளியும் விட்டான்.

“அக்கா, இது மஞ்சள். சாதா மஞ்சள் இல்ல, மஞ்சளோட சாரம். ஒரு மூட்டை மஞ்சள்ல இருக்கிற சக்தியப் பிழிஞ்சு இந்த டப்பாக்குள்ள வெச்சிருக்கான். கூடவே மிளகுச் சாரம். அது எதுக்குன்னா, உயிரணு…” நிறுத்தினான். “ஒவ்வொரு உயிரணுக்குள்ளயும் கொண்டுபோய் விட்டுடும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்குல்ல? அதுக்குத்தான் கொண்டாந்தேன்.”

மாஸ்டர் உள்ளே இருந்தார். பேசவில்லை. எழுந்து வந்தார், டப்பாவைத் திறந்தார், ஒரு மாத்திரைக் கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த தூளை வெள்ளைத் தட்டில் கொட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணை இடுக்கினார். விரலால் தேய்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலந்தார். அக்காவும் தம்பியும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

“கலப்படம் இல்ல” என்றார் மாஸ்டர். “இந்த மஞ்சளத் தூள் போட்டுப் பொய்யா செய்யமுடியாது. சுத்தமான சாயம்.” அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்து, “உக்காரு மாப்ள. டீ குடிக்கிறியா?” என்றார்.

ஒரு மருந்தை அதன் நிறத்தை வைத்து நல்லது என்று சான்று கொடுத்த மனுஷன் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஆனால் அவளுக்கு அன்றைக்கு அது எதுவும் தோன்றவில்லை. அடுப்படிக்குள் போய் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

தம்பி ஒரு விஷயத்தில் கறாராக இருந்தான். “டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தக்கூடாது மாமா. காலைல அந்த மாத்திரை போட்டு, அதுக்கப்புறம்தான் இது. ராத்திரியும் அப்படித்தான். முன்ன பின்ன மாத்தினா பலிக்காது.” மாஸ்டருக்கு வரிசை முக்கியம். முதலில் உப்பு, அப்புறம் தூள், அப்புறம் சோடா. மாற்றினால் சாயம் ஏறாது என்று ஊரையே மிரட்டுகிறவர். அதனால் காலையும் இரவும் முதலில் டாக்டர் மாத்திரை, பிறகு மஞ்சள் மாத்திரை என்று பிசகாமல் போட்டார்.

சர்க்கரை குறைந்தது. பரிசோதனைக் கூடத்துப் பெண்ணே “இது உங்களுடையதுதானா?” என்று பேரைச் சரிபார்த்தாள். பட்டறை முழுக்க மஞ்சள் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி சாப்பிட வந்தான். மாஸ்டரும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உயிரணுக்களைப் பற்றிப் பேசினார்கள். அவள் இருவருக்கும் நடுவில் நின்று பரிமாறினாள். முட்டை வைக்கும்போது தம்பிக்கு ஒன்று கூட வைத்தால் மாஸ்டர் முறைப்பதில்லை. அவளுக்கு அது போதும்.

கிளினிக்கில் டாக்டரம்மா, “நல்லா குறைஞ்சிருக்கே! வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்.

“வேற மருந்து எதுவும் இல்லைங்க” என்றார் மாஸ்டர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

வெளியே வந்து அவள் கேட்டாள். “ஏங்க, அப்படிப் பொய் சொல்லிட்டீங்க?”

“என்ன பொய்? அது மருந்தா? டப்பால என்ன போட்டிருக்கு? உணவுன்னு போட்டிருக்கு. அப்ப காலைல தின்ன ரொட்டியையும் சொல்லணுமா? அவங்க வேற, இதக் கேட்டா மூஞ்சியச் சுளிப்பாங்க. உன் தம்பியத்தான் திட்டுவாங்க. தேவையா?”

தம்பியைத்தான் திட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

குறைந்தது அதற்குமேல் குறையவில்லை. மாஸ்டருக்கு அது கௌரவப் பிரச்சினை. “வெளிறலா நிக்குதுன்னா தூளக் கூட்டணும்” என்று சொல்லி, ஒன்று போட்ட இடத்தில் இரண்டாகப் போட ஆரம்பித்தார். தம்பியிடம் சொல்லவில்லை. தம்பி விற்கிறவன், தொழில் தெரிந்தவர் தாம்தானே. அவளிடமும் “அவன்கிட்ட உளறிவைக்காதே” என்றார்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில்தான் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. தட்டை முகத்துக்கு நேரே கொண்டு வந்ததும் தள்ளிவிடுவார். எண்ணெய் வாடையே ஆகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்ப்பார். “சோடா பட்டிருக்கும்” என்றார். சிறுநீர் கறுத்த டீ மாதிரி போகிறது என்று அவரே வந்து சொன்னார். பயந்து சொல்லவில்லை, கண்டுபிடித்துச் சொன்னார்.

“புரியுதா? சாயம் போட்ட நூல அலசினா மொத அலசல் தண்ணி எப்படி வரும்? கருப்பா வரும். ஒட்டாத சாயம் எல்லாம் வெளிய போவுது. அது போயிட்டா அப்புறம் தண்ணி தெளிஞ்சிடும். உள்ள ஏறினது ஏறினதுதான்.”

“கண்ணு ஒரு மாதிரியா இருக்குங்க.”

“எந்த மாதிரி?”

“மஞ்சளா.”

அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். வடக்கு ஜன்னல் வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். அவள் இன்னும் மறக்காதது அதுதான்: அவர் முகத்தில் கவலை இல்லை, திருப்தி இருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த நூல் மாதிரியோடு ஒத்துப்போனால் வருகிற அதே திருப்தி.

“ஏறிடுச்சு” என்றார்.

மறுநாள் பட்டறை வாசலில் வாட்ச்மேன் குடையை மடக்கியபடி உற்றுப் பார்த்தார். “என்ன மாஸ்டர், கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு? காமாலையா?”

“மஞ்சள்தான்யா, காமாலை இல்ல!” என்று மாஸ்டர் சிரித்தார். பின்னால் வந்த பெண்களும் சிரித்தார்கள். நல்ல பதில்தான். அன்று முழுக்க தொட்டிக்குத் தொட்டி அது போனது. சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்கும் போய், அவரும் சிரித்தார். காமாலைக்கே மஞ்சள் காமாலை என்றுதான் பேர் என்பது அத்தனை பேர் இருந்த பட்டறையில் ஒருத்தர் நாக்கிலும் வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் கொட்டகை ஓரமாக நின்று தம்பிக்குப் போன் செய்தாள். தகரக்கூரையில் மழை கொட்டியது, கத்திப் பேசவேண்டியிருந்தது.

“டேய், மாமாவுக்குக் கண்ணு மஞ்சளாயிருக்குடா. சாப்பிடமாட்டேங்கிறாரு. அரிக்குதுங்கிறாரு.”

“அக்கா, பயப்படாதே. உடம்பு கழிவ வெளியேத்துது. பயிற்சி வகுப்புல சொன்னாங்க. அது நல்ல அறிகுறிக்கா.”

“டாக்டர்ட்ட காட்டட்டுமா?”

“காட்டு. ஆனா அவங்களுக்கு இதெல்லாம் புரியாது. நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க. இப்பதான் மாமா என்ன மனுஷனா மதிக்கிறாரு, அதயும் நிறுத்திடுவாங்க.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நூலைத் தூக்கப் போனாள். மழை விட்டிருந்தது.

ஒரு வாரத்துக்குள் அது நடந்தது. மாஸ்டர் நீலத் தொட்டி ஓரம் நின்று கம்பால் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கம்பு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் போனது. எடுக்கக் குனிந்தவர் வாந்தி எடுத்தார், அப்படியே பிழிந்து குவித்திருந்த நூல்மேல் சாய்ந்தார். நல்லவேளை தொட்டிப் பக்கம் சாயவில்லை, அது கொதித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் தூக்கினார்கள். பாதிச் சட்டை நீலம். முகமும் கழுத்தும் கையும் மஞ்சள். வெளிச்சத்தில் கொண்டுவந்து படுக்கவைத்தபோதுதான் எல்லாரும் அதைச் சரியாகப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது, கல் இல்லை, கிருமியும் இல்லை. குடிப்பாரா என்று கேட்டார்கள். டீ என்றாள். வந்தது எதனால் என்று தெரியவில்லை. அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறியது. பகலில் தூங்கிக்கொண்டே இருந்தார். எழுப்பினால் “மாதிரி எங்க?” என்று கேட்டார்.

வார்டு நீளமானது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. தம்பி வந்து கட்டில் காலடியில் நின்றான். ஆலோசகர் சட்டை கசங்கியிருந்தது.

டாக்டரம்மா வந்தார். கிளினிக்கில் பார்க்கிற அதே ஆள்தான், இங்கே இன்னும் களைத்த முகம். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். நிமிர்ந்து மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்தார்.

“நான் திரும்பக் கேக்கிறேன். நாட்டு மருந்து, பொடி, கஷாயம், யாராவது குடுத்தது, எதுவா இருந்தாலும் சரி. இவர் வேற என்ன சாப்பிட்டாரு?”

மாஸ்டர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். தம்பி தரையைப் பார்த்தான். அவனுடைய கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டாள். உட்கார்ந்தார்கள். இப்போது வாயைத் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை இனிமேல் கிடையாது. திறக்காவிட்டால் ஒரு ஆளே கிடையாது. இதை எடைபோடவே அவளுக்கு நேரம் ஆனது என்று பிற்பாடு வெட்கப்பட்டாள். ஆனால் நேரம் ஆனது.

“மஞ்சள் மாத்திரை சாப்பிட்டாருங்க” என்றாள்.

“எவ்வளவு நாளா?”

“கோடையிலிருந்து. மொதல்ல காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அப்புறம் ரெண்டு ரெண்டா.”

தம்பி நிமிர்ந்தான். “ரெண்டா? மாமா! ரெண்டா போட்டீங்க? நான் ஒண்ணுதானே சொன்னேன்!”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீங்கதான் குடுத்தீங்களா?” டாக்டரம்மா தம்பியிடம் கேட்டார்.

“அது… அது மருந்தே இல்லைங்க டாக்டர். உணவு. சமையல்ல எல்லாரும் போடுறதுதானே. இயற்கை…” இந்த இடத்தில் உயிரணு வரவேண்டும். வரவில்லை. “எங்க அக்காவுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?”

“சமையல்ல போடுற மஞ்சள நான் ஒண்ணும் சொல்லல. நானும்தான் போடுறேன். அது சிட்டிகை. இது சாரம், கூட மிளகுச் சாரமும் சேர்த்திருப்பாங்க, உள்ள நிறைய ஏறணும்னு. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு ஈரலப் போட்டு அடிச்சிடும். இவருக்கு அதுவாத்தான் இருக்கணும்னு தோணுது. மொதல்ல அத நிறுத்தணும். நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா எப்பவோ நிறுத்தியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலாம்.

“சரியாயிடுமாங்க?”

“நிறுத்தினா காமாலை பெரும்பாலும் இறங்கும். மெதுவா. இவருக்கு ரொம்ப ஏறியிருக்கு, இப்ப உறுதியா சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளா பாக்கணும்.”

அவள் இன்னொன்றும் கேட்டாள். “ஆனா சர்க்கரை குறைஞ்சுதே டாக்டர்?”

டாக்டரம்மா திருப்பிக் கேட்டார். “அதுக்கு முன்னாடி நான் குடுத்த மாத்திரைய ஒழுங்கா போடுவாரா?”

அவள் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் குறைந்து மாத்திரை குறையாத காலைகள் வரிசையாக வந்தன. மஞ்சளுக்கு முந்தி இது, மஞ்சளுக்கு முந்தி இது என்று வரிசை பிசகாமல் போட்டதில்தான் அந்த மாத்திரை வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வயிற்றுக்குள் ஒழுங்காகப் போயிருக்கிறது. வேலை செய்தது ஒன்று, மாலை விழுந்தது இன்னொன்றின் கழுத்தில்.

“மஞ்சளும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம், எனக்குத் தெரியாது” என்றார் டாக்டரம்மா. “அது பெரிசில்ல. ஈரல் போச்சுன்னா சர்க்கரைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தம்பி கட்டில் கம்பியை விட்டான். “அக்கா, நீ சொல்லியிருக்க வேணாம்னு நான் சொல்லல” என்றான். அது என்ன வாக்கியம் என்று அவனுக்கே புரிந்திருக்காது. அப்புறம் வெளியே போனான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து அவள் கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தாள். பெஞ்சு காலி. போன் பண்ணினாள், எடுக்கவில்லை.

மாஸ்டர் அவளோடு பேசவில்லை. கஞ்சியை ஊட்டினால் குடித்தார், துடைத்தால் முகத்தைக் காட்டினார், பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. மறுநாளும் பேசவில்லை. அவளும் விட்டுவிட்டாள். ரத்தம் எடுக்க வருகிற நர்ஸிடம் மட்டும் தினமும் “இறங்கிச்சாம்மா?” என்று கேட்டாள். “பாக்கலாம்மா” என்று நர்ஸ் சொன்னாள். ஒருநாள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் அங்கேயே நின்றது.

அடுத்த கட்டிலில் ஒரு லாரி டிரைவர், காலில் ஆறாத புண். அவருக்கும் சர்க்கரை. அவர் மனைவி வாயாடி, நல்ல மனசு, வெந்நீர் பிடிக்கப் போனால் இவளுக்கும் சேர்த்துப் பிடித்துவருவாள். வார்டில் நடந்தது எல்லாம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் காதில் விழுந்திருந்தது. அன்று மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

“ஏன்க்கா, தப்பா நினைக்காதே. அந்த மஞ்சள் மாத்திரைல உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நல்லா குறைஞ்சுதாமே? எங்க கிடைக்கும்?”

அவள் அந்தப் பெண்ணை அப்படியே பார்த்தாள். இத்தனையும் கேட்டிருக்கிறாள், அதில் பாதியை மட்டும் எடுத்து முடிந்து வைத்திருக்கிறாள்.

“எங்காளுக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்துப் பாக்கிறேன். ரெண்டு குடுக்கமாட்டேன். உங்க வீட்டுக்காரர் அளவு தெரியாம போட்டுட்டாரு, அதான். உன் தம்பி நம்பர் இருந்தா…”

“இந்தாம்மா” என்று ஒரு குரல் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். பல நாளாகப் பேசாத குரல், கரகரத்தது. மாஸ்டர் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். மனைவி ஓடிப் போய் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அவர் மூச்சு வாங்கியது. கையை ஆட்டி அந்தப் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டார். அவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

“வெளிச்சத்துக்கு வா.”

வந்தாள். மாஸ்டர் உயரத்து ஜன்னலைப் பார்த்து முகத்தைத் தூக்கினார். ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்தார். இமை நிற்கவில்லை, வழுக்கியது. மனைவி தன் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

“பாத்தியா? நல்லா பாரு. நான் தப்பாப் பாத்தேன்.”

லாரி டிரைவர் மனைவி பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள். போய்த் தன் புருஷன் கட்டிலில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மாஸ்டர் தலையணையில் சாய்ந்தார். கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“மாப்ள சாப்பிட்டானா?”

“தெரியலைங்க. போன எடுக்கமாட்டேங்கிறான்.”

“திரும்பப் போடு. எங்கிட்ட குடு.”

அவள் போட்டாள். அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.